கத்தரிச் செடியில் புள்ளி வண்டு: பகை எது, நட்பு எது?

கொல்லைப்புறத்தில் நாலைந்து கத்தரிச் செடிகளை நட்டு, கிணற்றடி நீரைத் திருப்பிவிட்டு வளர்ப்பது நம் கிராமங்களில் வழக்கம். செழித்து நின்ற செடியின் இலைகள் சில நாட்களில் சல்லடைத் துணிபோல் ஆகி, நரம்பு மட்டும் மிஞ்சிக் காய்ந்துபோவதுண்டு. இலையைப் புரட்டினால் புள்ளி வண்டுகள் தென்படும். உடனே கண்ணில் பட்ட வண்டுகளையெல்லாம் நசுக்கிவிடுகிறார்கள். இங்குதான் தவறு நேர்கிறது. புள்ளி வண்டுகளில் இலையைத் தின்பதும் உண்டு. செடியைக் காப்பதும் உண்டு.

அடையாளம்

இலையைத் தின்பது எபிலாக்னா வண்டு. செம்பு நிறம், உடலில் மெல்லிய ரோமம் படர்ந்திருப்பதால் பளபளப்பு இராது. முதுகில் 12 அல்லது 28 கறுப்புப் புள்ளிகள் இருக்கும். புழு மஞ்சள் நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களுடன் மெதுவாக ஊரும். வண்டும் புழுவும் இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். தக்காளி, உருளை, பாகல் ஆகியவற்றையும் இவை தாக்கும்.

நன்மை செய்வது பொறிவண்டு. இதன் முதுகு வழவழப்பாகப் பளபளக்கும். புழு கருநிறமாய், குட்டி முதலை போன்ற வடிவில், விரைந்து ஓடும். இவை இலையைத் தொடுவதில்லை. சாற்றை உறிஞ்சும் அசுவினியையே தின்னும்.

இரண்டின் முட்டையும் மஞ்சளாய்க் குவியலாக நிற்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுத்து, வெளிவரும் புழுவைப் பார்த்து முடிவு செய்யலாம்.

கட்டுப்பாடு

நாலைந்து செடிகளுக்குக் கையே போதும். காலை வேளையில் இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்து, எபிலாக்னா வண்டு, புழுக்களைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டு அழிக்க வேண்டும். உப்பிப் பழுப்பேறி, அசையாமல் ஒட்டியிருக்கும் புழுக்களை மட்டும் விட்டுவிட வேண்டும். அவற்றினுள் பெடியோபியஸ் என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. வெளிவரும் குளவிகள் மற்ற புழுக்களை அழிக்கும். அமெரிக்காவில் பயறு வண்டை ஒழிக்க 1966-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற குளவி இதுவே.

தாக்குதல் மிகுந்தால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்ட வேண்டும். சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையுமாறு அன்று மாலையே தெளிக்கலாம். பூச்சி உடனே செத்து விழாது. தின்பதைக் குறைத்து, வளர்ச்சி குன்றும். வாரம் கழித்து மீண்டும் தெளிக்கலாம்.

இவ்வண்டுக்கு முன்பு தூவிவந்த கார்பரில் மருந்து 2018-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. பழைய பொட்டலம் பரணில் இருந்தாலும் எடுக்கலாகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக் குழம்பில் போடும் காய் அது. பொறிவண்டும் குளவியும் மடிந்துவிட்டால் அசுவினியும் பெருகும்.

காய்ப்பு ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி அழிப்பதும் அவசியம். வண்டு அவற்றில் தங்கியே புதுச் செடிக்கு வரும். இலையைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இருந்தால், கொல்லைக் கத்தரிக்கு விஷ மருந்து தேவைப்படாது.