உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் எலும்பு

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் என்றாலே அது பாட்டிமார்கள் சமாசாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். என் நாத்தனாருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயதுதான். தொடை எலும்பின் தலைப் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, அது கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிப் போயிருந்தது. மாடிப்படி ஏற முடியாது, தரையில் உட்கார முடியாது, ராத்திரி தூக்கம் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆபரேஷன் நடந்தது. கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான். டாக்டரிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லலாமென்று தோன்றியது.

தொடை எலும்புக்குள் இறக்கப்போகும் டைட்டானியத் தண்டின் மாதிரியை டாக்டர் எங்களிடம் காட்டினார். கீழ்ப்பாதி வழவழவென்று மின்னியது. மேல்பாதி மட்டும் கோலமாவு பூசினாற்போல வெளுப்பாக, சொரசொரவென்று இருந்தது.

"என்ன டாக்டர், சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கீங்க?" என்றார் என் மாமியார்.

"கிட்டத்தட்ட அதுதாம்மா!" என்று சிரித்தார் டாக்டர்.

முயல் சொன்ன பாடம்

ஸ்வீடன் நாட்டில் புரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், 1952ல் முயலின் கால் எலும்பில் ஒரு சிறிய டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான். வேலை முடிந்து கழற்றப் போனால் வரவில்லை! எலும்பு அதை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. டைட்டானியத்தின் மேல் காற்றுப் பட்டதுமே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலம் உண்டாகிவிடும். அதனால் அது துருப்பிடிப்பதில்லை. உடம்பும் அதை வெறுத்து ஒதுக்குவதில்லை. 1965ல் புரோனெமார்க் முதல்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பொருத்திப் பல் கட்டினார்.

அம்மி கொத்துவது போல

வழவழப்பான உலோகத்தில் எலும்புக்குப் பிடிமானம் குறைவு. தேய்ந்த அம்மியில் மசாலா அரைபடுமா? கொத்தினால்தானே அரைபடும்! அதே மாதிரி டைட்டானியத்தின் மேல் மணலைப் போன்ற துகளை வேகமாக அடித்தோ, அமிலத்தால் அரித்தோ சொரசொரப்பாக்குகிறார்கள். அந்தச் சின்னச் சின்னக் குழிகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது.

இதற்கு மேல்தான் அந்த வெள்ளைப் பூச்சு. அதன் பெயர் ஹைட்ராக்ஸி அபடைட். கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த பொருள். நம் எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த வகைத் தாதுதான். பல்லின் எனாமலும் இதுவே. இந்தப் பொடியை 10,000 டிகிரியைத் தாண்டும் வெப்பச் சுடரில் செலுத்தி, உருகிய நிலையில் உலோகத்தின் மேல் பீச்சி அடிக்கிறார்கள். பூச்சின் கனம் ஒன்றிரண்டு தலைமுடி அளவுதான். அதிகக் கனமானால் பழைய சுவரின் காரை மாதிரி பெயர்ந்துவிடும். எலும்பு செல்கள் இதைத் தன் இனம் என்று ஏற்று, மேலே புது எலும்பைக் கட்டுகின்றன. பூச்சு வருஷக் கணக்கில் மெல்லக் கரையும்போது, அந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்கிறது. 1985-86ல் லண்டனில் ஃபர்லாங், நெதர்லாந்தில் கீசிங்க் என்ற டாக்டர்கள் இடுப்பு மூட்டுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

அசையக் கூடாது!

மூன்றாவது வாரமே வலி குறைந்ததும், "வாக்கர் எதுக்கு அண்ணி? நல்லாத்தானே நடக்கிறேன்" என்று நாத்தனார் அடம் பிடித்தாள். டாக்டரோ அவளுக்கு ஆறு வாரம் சொல்லியிருந்தார். நட்ட செடியை தினம் அசைத்துப் பார்த்தால் வேர் பிடிக்குமா? உலோகம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அசைந்தால்கூட, எலும்புக்குப் பதில் வெறும் நார்ச்சதைதான் வளரும். பிறகு தண்டு ஆட்டம் காணும், வலி வரும், மறுபடியும் கத்தி வைக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் வாக்கரைத் தொட்டாள். எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலரை மறுநாளே முழு பாரம் போட்டு நடக்கச் சொல்வதும் உண்டு. உங்கள் டாக்டர் சொன்னதே உங்களுக்குக் கணக்கு.

ஒரு வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்புக் கோடு எதுவும் இல்லை. "நல்லா பிடிச்சிருக்கு" என்றார் டாக்டர். என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகள் கவனத்துக்கு

* "பூச்சு" என்றாலே உயர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சொரசொரப்பு மட்டும் உள்ள தண்டும் பலருக்கு நன்றாகவே பிடிக்கிறது. எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு, உடனே பிடிப்புத் தரும் எலும்பு சிமெண்டுதான் பல சமயம் ஏற்றது. "எங்களுக்கு எது, ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

* புகையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் எலும்பு வளர்வதைக் கெடுக்கும். வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

* வலி மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சில வகை, எலும்பு வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும்.

* சொத்தைப் பல், காலில் புண், நீர்க்கடுப்பு எதையும் அலட்சியம் செய்யாதீர்கள். கிருமி ரத்தம் வழியாக மூட்டில் போய்த் தங்கலாம்.

* பொருத்திய மூட்டின் பெயர், எண் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். பதினைந்து இருபது வருஷம் கழித்தும் அது தேவைப்படலாம்.