கடலுக்கடியில் பாயில் விதி

கடலோர ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பத்தாம் வகுப்பில் பாயில் விதியை நடத்தும்போது ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றை எடுத்துச் செல்வது என் வழக்கம். முனையை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தச் சொல்வேன். அழுத்தம் கூடக் கூடக் காற்றின் பருமன் குறைவதை மாணவர்கள் கையாலேயே உணர்வார்கள். இரண்டு கணக்குகள் போடுவோம். பாடம் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு அப்படி முடியவில்லை. ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க மாமா அந்தமான்ல ஸ்கூபா சொல்லிக் குடுக்காங்க. ஆழத்துக்குப் போனா சிலிண்டர் காத்து சீக்கிரம் தீந்துரும், பதறுனா அதவிட சீக்கிரம் தீந்துரும்னு சொன்னாங்க. ஏன் சார்?" என்றான். முதல் பாதிக்கு விடை தெரிந்தது. இரண்டாம் பாதிக்கு, "நாளை சொல்கிறேன்" என்றேன்.

முதல் பாதியைக் கரும்பலகையிலேயே போட்டோம். 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்தால், வெளியே அது ஏறத்தாழ 2,200 லிட்டர். அமைதியாக நீந்துபவர் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம். நீர்மட்டத்தில் இது 146 நிமிடங்களுக்கு வரும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மொத்தம் மூன்று மடங்கு. அங்கே நுரையீரலை நிரப்ப மூன்று மடங்கு காற்று வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 45 லிட்டர். சிலிண்டர் 49 நிமிடங்களில் காலி. 30 மீட்டரில் 37 நிமிடங்கள்தான். உண்மையில் கடைசிவரை யாரும் தீர்ப்பதில்லை. கால்பங்கு மீதம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும் என்பது பொதுவான நடைமுறை.

"அப்போ நீளமா ஒரு டியூப் வச்சு மேல இருந்தே இழுத்தா என்ன?" என்று ஒரு மாணவி கேட்டாள். திரைப்படங்களில் கதாநாயகன் பப்பாளித் தண்டை வாயில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் ஒளிந்திருப்பானே, அந்த நினைப்பு. ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பின் மேல் அழுத்தும் நீரை எதிர்த்து மூச்சை இழுத்துக்கொண்டிருக்க நம் தசைகளால் முடியாது. ஆகவே, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்திலேயே காற்றைக் கொடுக்கும் கருவி வேண்டும். 1943இல் பிரான்சின் குஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய ரெகுலேட்டர் இதைத்தான் செய்கிறது.

இனி, பதற்றம். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மி.லி. காற்று நுண்ணறைகளை எட்டாமல் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் நின்று அப்படியே திரும்பிவிடுகிறது. பதறுபவர் நிமிடத்துக்கு 30 முறை, 300 மி.லி. வீதம், மேலோட்டமாக மூச்சு விடுகிறார் என்போம். செலவு 9 லிட்டர்; பயன்படுவது நாலரை லிட்டர். அதே 9 லிட்டரை ஒரு லிட்டர் வீதம் 9 மூச்சாக இழுத்தால் 7.65 லிட்டர் பயன்படும். முன்னவருக்குக் கார்பன் டை ஆக்சைடு சரியாக வெளியேறாது. அது தேங்கத் தேங்க மூச்சு முட்டும். முட்ட முட்ட இன்னும் வேகமாக இழுப்பார். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று செலவானால், 20 மீட்டர் ஆழத்தில் அந்த 49 நிமிடங்கள் 18 ஆகிவிடும்.

மிச்சம் பிடிக்கலாமென்று நடுவே மூச்சை அடக்கி வைப்பதும் தவறு. கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலைவலியில் கொண்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே ஏறுவதோ உயிராபத்து. 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரல் காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். சிரிஞ்சின் தண்டைக் கையிலிருந்து விட்டால் நடப்பதுதான். ஆனால் நுரையீரல் கிழிந்துவிடும்.

அடுத்து வருவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். அதே வாரம் சில மாணவர்கள் ஊருணியில் தாங்கள் விளையாடும் மூச்சடக்கும் போட்டியைப் பற்றிச் சொன்னார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை மூச்சை இழுத்துவிட்டால் கூடுதல் நேரம் உள்ளே இருக்கலாமாம். "சபாஷ், உடம்பில் ஆக்சிஜன் நிறையச் சேருகிறது இல்லையா!" என்று வகுப்பிலேயே பாராட்டினேன்.

விடுமுறையில் வந்திருந்த அந்த மாமாவைப் பள்ளிக்கு அழைத்திருந்தோம். இதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "சார், அத மட்டும் சொல்லிராதீங்க. பயலுவ தண்ணிக்குள்ளயே மயங்கிருவானுவ" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. சாதாரணமாகச் சுவாசிக்கும்போதே இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏறக்குறைய முழுவதும் ஆக்சிஜனால் நிறைந்திருக்கிறது. வேகமாக இழுத்துவிடுவதால் அது பெரிதாகக் கூடுவதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெகுவாகக் குறைகிறது. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை முதன்மையாகத் தூண்டுவது கார்பன் டை ஆக்சைடின் பெருக்கமே. அதைக் குறைத்துவிட்டால் எச்சரிக்கை மணி தாமதமாகத்தான் அடிக்கும். அதற்குள் மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் தீர்ந்து, எந்தத் தவிப்பும் இல்லாமலே மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையும் இதில் தப்புவதில்லை. கரையில் நிற்பவர்களோ, இன்னும் மூச்சடக்கிக்கொண்டிருக்கிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் முதல் பாடவேளையில், நான் சொன்னது தவறு என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, சுவாசப் பாடத்தையும் பாயில் விதியையும் சேர்த்து மீண்டும் நடத்தினேன். காலை வணக்கக் கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியும்படி அந்த மாணவனையே பேசவைத்தோம். ஊருணிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரிடம் தலைமையாசிரியரும் நானும் நேரில் பேசினோம்.

மூச்சடக்கும் போட்டி நின்றுவிட்டது என்று மாணவர்கள் சொல்கிறார்கள். நானும் சில மாலைகளில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். வகுப்பில் வேறொரு போட்டி தொடங்கியிருக்கிறது. பெஞ்சில் அமர்ந்து, அடக்காமல், திணறாமல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று கடிகாரம் பார்த்து எண்ணுகிறார்கள். பெரும்பாலோர் 15க்கு மேல். பைய மூச்சு விட்டு ஆறில் நிற்கிறாள், பப்பாளித் தண்டுக் கேள்வி கேட்ட மாணவி.