பிழைநடத்தையின் வேர்கள்

பிள்ளை வளர்ப்பைக் குறிக்க அரபு மொழியில் இரு சொற்கள் பெருவழக்காக உள்ளன. ஒன்று ‘தர்பியத்’, வளர்தல், பெருகுதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. மற்றொன்று ‘தஃதீப்’, பண்பூட்டுதல், தண்டித்தல் ஆகிய இரண்டும் அதன் பொருள்கள். நம் இல்லங்களிலும் மத்ரஸாக்களிலும் முதற்சொல் மறைந்து, இரண்டாம் சொல்லின் பிற்பொருள் மட்டுமே எஞ்சிவிட்டதோ என்னும் ஐயம், நீண்டகால ஆசிரியப் பணிக்குப் பின் எனக்கு எழுகின்றது.

பல்லாண்டுகளுக்கு முன் விடுதியில் தங்கி ஓதிய பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன், பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். கொடுத்த பாடத்தை விட்டு வேறொன்றை ஓதுவான். உடன் ஓதுவோரிடம் ஓயாது சச்சரவிடுவான். அடங்காதவன் என முடிவுகட்டிப் பலமுறை அவனைத் தண்டித்தேன். விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது மருத்துவர் சோதித்ததில், இரு செவிகளிலும் நாட்பட்ட சீழ் இருப்பதும், கேட்கும் திறன் பெரிதும் குன்றியிருப்பதும் தெரியவந்தன. என் கட்டளையை அவன் மீறவில்லை. அது அவனை எட்டவே இல்லை.

எனவே, முதலில் ஆராயத்தக்கது உடல்நிலை. செவிக்குறை, பார்வைக்குறை, உறக்கக்குறைவு, இரத்தச்சோகை ஆகியவை கவனமின்மையாகவும் எரிச்சலாகவும் வெளிப்படக்கூடும். அறிவுக்கூர்மை மிக்க பிள்ளையும் எழுத்துக்கூட்டி வாசிக்க இடர்ப்படலாம். இதனை ‘டிஸ்லெக்ஸியா’ என்பர். சோம்பேறி என்று நாள்தோறும் இகழப்படும் அத்தகைய பிள்ளை, மூடன் எனப்படுவதினும் முரடன் எனப்படுவதே மேல் என எண்ணத் தொடங்கிவிடலாம்.

அடுத்தது வீட்டுச் சூழல். லண்டனில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, திருட்டுப் பழக்கமுடைய 44 சிறாரை ஆராய்ந்து 1944இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பாச உணர்வே அற்றோராகக் காணப்பட்ட 14 பேரில் 12 பேர், மழலைப் பருவத்தில் தாயை நெடுங்காலம் பிரிந்திருந்தவர்கள். பின்னர் 1972இல் மைக்கேல் ரட்டர் தம் நூலில் இக்கருத்தைச் சீர்தூக்கி, பிரிவை மட்டுமே காரணமாக்கல் தகாது. குடும்பப் பூசலின் பங்கையும் கருத வேண்டும் என விளக்கினார்.

இவ்விளக்கம் நமக்கு மிகவும் வேண்டப்படுவது. தந்தை வளைகுடா நாடுகளில் உழைக்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் பல. அப்பிரிவு ஒன்றே பிள்ளையைக் கெடுத்துவிடும் எனல் மிகையாகும். ஆயின், விடுப்பில் வரும் தந்தை பரிசுப் பெட்டியையும் கண்டிப்பையும் மட்டுமே கொணர்ந்தால், தனித்து நிற்கும் தாயும் தளர்ந்துபோனால், பிள்ளையின் மனக்குறையைக் கேட்பார் யார்?

மூன்றாவது காரணம் கடுமையே. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், மாணவரிடம் கடுமை காட்டுவதன் கேட்டினைத் தனியோர் இயலில் ஆராய்கிறார். அடக்குமுறையில் வளர்பவனின் ஊக்கம் மடிகிறது. அவன் தண்டனைக்கு அஞ்சிப் பொய்யையும் வஞ்சகத்தையும் கற்கிறான். நாளடைவில் அவையே அவனது இயல்பாகிவிடுகின்றன என்பது அவர் கருத்து. ஓயாத கண்டிப்பால் சொல்லின் தாக்கம் குன்றிவிடும் என்றும், ஓதி முடித்த பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும் என்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் அறிவுறுத்தியுள்ளார்கள்.

வளரிளம் பருவத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். திட்டமிடல், உந்துதலை அடக்கல் ஆகியவற்றுக்குரிய முன்மூளைப் பகுதி, இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. உணர்ச்சி வேகமோ அதற்கு முன்பே பெருகிவிடுகிறது. ஆகவே, வாதிடுவதையும் தனிமை நாடுவதையும் நோய் எனக் கொள்ள வேண்டா. ஆனால் சிரித்துப் பேசிய பிள்ளை திடீரென ஒடுங்குதல், குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு நடுங்குதல், தன்னையே காயப்படுத்திக்கொள்ளல் ஆகியவற்றை ஒருபோதும் புறக்கணித்தலாகாது. சொல்ல இயலாத கொடுமை அவற்றின் பின்னே மறைந்திருக்கலாம். அப்போது மருத்துவரையும், 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் நாடுதல் கடமை. குடும்ப மானம் கருதி மூடிமறைப்பது, கொடுமை இழைத்தவனுக்கே துணையாகும்.

காரணத்தை அறிவது தவறை ஏற்பதாகாது. திருடிய பொருளைத் திருப்பித் தரச் செய்வதும், அடித்தவனை மன்னிப்புக் கேட்கச் செய்வதும் இன்றியமையாதவை. வேரை அறிந்து கண்டிப்பவரின் சொல்லே நிலைக்கும்.

பள்ளிகளில் உடல்தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தது. 2012இல் வந்த திருத்தம் மத்ரஸாக்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது. அவ்விலக்கைப் பிரம்புக்கான அனுமதியாகக் கொள்வோமாயின், நம் முன்னோரின் அறிவுரையை நாமே கைவிட்டவர்களாவோம்.

அம்மாணவன் சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்து ஓதி முடித்தான். நான் கொடுத்த அடிகளை அவன் என்னிடம் ஒருநாளும் நினைவூட்டியதில்லை. பிரம்பை எடுக்கும் முன் செவியைச் சோதிக்கத் தவறிய அந்நாளை நான் மறக்கவில்லை.