பாலமாக நின்ற மாளிகை

பிரான்ஸ் என்றதும் நம்மவர்களுக்கு ஈஃபில் கோபுரம்தான் நினைவுக்கு வரும். பாரிஸுக்குத் தென்மேற்கே லுவார் நதிப் பள்ளத்தாக்கில், மன்னர்களும் பிரபுக்களும் கட்டிய மாளிகைகள் ஏராளம். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனோடும் மருமகளோடும் நானும் என் மனைவியும் சென்ற கோடையில் பத்து நாட்கள் அங்கே சுற்றினோம். தங்கியது ஓட்டலில் அல்ல, மோட்டார் ஹோமில்.

ரயில்வே அதிகாரிகள் லைன் பார்க்க வரும் ஸலூன் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். படுக்கை, காஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள். மூன்றரை டன் வரை சாதாரண கார் லைசென்ஸ் போதும். பல ஊர்களில் இவ்வண்டிகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நல்ல தண்ணீர் பிடிக்கலாம். அழுக்குத் தண்ணீரையும் கழிவுத் தொட்டியையும் காலி செய்யலாம். வண்டியின் உயரம் ஏறக்குறைய மூன்று மீட்டர். அந்த அளவை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டி வைத்தேன். தாழ்ந்த பாலங்களும், கார் நிறுத்துமிடங்களில் குறுக்கே வைத்திருக்கும் கம்பிகளும் அங்கே உண்டு.

சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்காதவர் இல்லை. அரிசியும் காய்கறியும் கடையில் கிடைக்கும். குக்கரும் ரசப்பொடியும் கையோடு இருந்தன. ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். நிதானமாகச் சமைத்துச் சாப்பிடலாம்.

முதலில் ஷாம்போர். முதலாம் ஃபிரான்ஸுவா மன்னர் 1519-இல் தொடங்கிய பிரம்மாண்டம். 282 கணப்படுப்புகள் என்றால் அளவை ஊகித்துக்கொள்ளுங்கள். நடுவே இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருவர் ஏற, மற்றவர் வேறு சுருளில் இறங்கினால், திறப்புகள் வழியே ஒருவரையொருவர் பார்க்கலாம், எதிர்ப்பட மாட்டார்கள். இத்தனையும் கட்டிய மன்னர் அங்கே தங்கியது மொத்தத்தில் சில வாரங்களே.

முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில் பாலங்களோடு கழித்த என்னை நிறுத்தி வைத்தது ஷெனோன்சோ. ஷேர் நதியிலேயே நிற்கும் மாளிகை. இரண்டாம் ஹென்றி மன்னரின் காதலி தியான் அதிலிருந்து மறுகரைக்குப் பாலம் கட்டினாள். மன்னர் 1559-இல் இறந்ததும் ராணி காத்தரீன் மாளிகையைத் தன்வசம் எடுத்துக்கொண்டு, அதே பாலத்தின்மேல் 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பினாள். தூண் ஒருத்தியுடையது, மேல்தளம் மற்றவளுடையது!

பிரெஞ்சுப் புரட்சியில் மாளிகைகள் சூறையாடப்பட்டபோது, அக்கம்பக்கத்தில் ஆற்றைக் கடக்க வேறு பாலம் இல்லை என்று சொல்லி அப்போதைய உரிமையாளர் அம்மையார் இதைக் காப்பாற்றினார் என்கிறார்கள். முதல் உலகப் போரில் அந்தக் கூடம் மருத்துவமனையாயிற்று. 2,200-க்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள். 1940-இல் ஷேர் நதியே எல்லைக்கோடானது. மாளிகையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடித்த பகுதியில். கூடத்தின் தென்வாசல் மறுபுறத்தில். அவ்வழியே தப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. அந்தக் கதவருகே என் மனைவி வெகுநேரம் பேசாமல் நின்றாள்.

ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடத்தைத்தான் அரசங்கன்று பிடித்துக்கொள்ளும். பாலம் பார்க்கும் வேலையில் இதைத் தினமும் கண்டவன் நான். அழகு மட்டும் ஷெனோன்சோவைக் காக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் அது ஏதோ ஒருவிதத்தில் உபயோகப்பட்டது.

போக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம். ஜூன் அல்லது செப்டம்பர் உத்தமம். ஒரு நாளைக்கு ஒரு மாளிகை போதும்.