காதலுக்குச் சான்று எதற்கு?

தமிழ் அகமரபில் காதல் இருவர் உள்ளத்து உணர்வு மட்டுமன்று. பிறர்முன் ஏற்க வேண்டிய பொறுப்புமாகும். களவை ஒழுக்கமாக ஏற்ற தொல்காப்பியரே, மக்களிடையே பொய்ம்மையும் பிழையும் தலைகாட்டியமையால் திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது எனக் கற்பியலில் கூறுகிறார். குறுந்தொகை 25ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவிக்குத் தலைவனையன்றி உள்ள சான்று ஒரு குருகே. அதன் கண்ணும் மீன்மேல் இருந்தது. அவன் மறுத்தால் அவள் என் செய்வாள்?

இவ்வினா கெடாவின் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரத் தோட்டப் பெண்களுக்கும் உரியது. கோயிலில் தாலி ஏறியதும் லயத்து மக்கள் அறிந்ததுமே அங்குப் போதிய சான்றாக இருந்தன. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1.3.1982 முதல் நடப்புக்கு வந்தபின், முஸ்லிம் அல்லாதோர் திருமணத்திற்குப் பதிவு கட்டாயமாயிற்று. அதன்பின் பதிவின்றித் தாலி மட்டும் பெற்றவள், கணவன் கைவிட்டாலோ இறந்தாலோ மனைவி என்னும் உரிமையை நிறுவ இடர்ப்பட நேர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், சான்று கூற லயமும் இல்லை.

அவ்வாறாயின் பதிவுதான் காதலின் அறமா? அன்று. பதிவேடு இருவரின் இசைவைக் கேட்கும், அன்பை அளக்காது. ஆயினும், பின்னர் மறுப்பதற்குரிய வழியைத் தானே முன்வந்து அடைப்பவனிடத்தில்தான் காதல் அறமாகிறது என்பது நம் கருத்து. சான்றுக்கு அஞ்சும் அன்பு, பெண்ணின் தலைமேல் இடரை ஏற்றிவைக்கும் அன்பாகும். வகுப்பறையில் குருகையும் பதிவேட்டையும் ஒருசேர வைத்து விளக்குவோமாயின், அகப்பாடல் மாணவர்க்குத் தம் வாழ்வின் வினாவாகவும் அமையும்.