பொம்மைகளின் சாட்சியம்

அமெரிக்காவின் அடிமை முறையையும் போரையும் பற்றிய கலையில் குழந்தைகளும் பொம்மைகளும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். விளையாட்டுக்காக அல்ல.

1865 ஏப்ரல் 9. வர்ஜீனியா மாநிலத்தில் அப்பமாட்டக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சிற்றூர். வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டு வரவேற்பறையில் தென்மாநிலத் தளபதி ராபர்ட் லீ, வடக்கின் தளபதி யுலிசிஸ் கிராண்டிடம் சரணடைகிறார். நான்காண்டு உள்நாட்டுப் போர் முடிவுக்கு வருகிறது. லீ குதிரையேறிப் போனதும் அந்த அறையில் இன்னொரு சிறு போர்: நினைவுச் சின்னங்களுக்கான போர். மேஜை, நாற்காலி, மெழுகுவர்த்தித் தண்டு என்று கிடைத்ததையெல்லாம் அதிகாரிகள் கொண்டுபோகிறார்கள். மெக்லீனின் சின்ன மகள் லூலாவின் துணிப் பொம்மையும் தப்பவில்லை. ஓர் அதிகாரியுடன் வடக்கே போன அந்தப் பொம்மை 1990களில்தான் ஊர் திரும்பியது. அதற்கு இப்போது 'மௌன சாட்சி' என்று பெயர்.

போரின் நடுவே ஒரு குழந்தையின் பொம்மை. யாருடைய மனமும் இளகும். ஆனால் அதே வீட்டின் பின்னால் அடிமைகளின் குடியிருப்பும் இருந்தது. அவர்களுடைய குழந்தைகளின் பொம்மைகளை யார் எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள்?

கலைஞர்களையும் வரலாற்றாசிரியர்களையும் துரத்தும் கேள்வி இதுதான். குழந்தை என்றால் கள்ளம் கபடமற்றது என்பார்கள். எந்தக் குழந்தை? வரலாற்றாசிரியர் ராபின் பெர்ன்ஸ்டைன் 2011இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தேடினார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கா அந்தப் புனிதத்தை வெள்ளைக் குழந்தைக்கு மட்டுமே தந்தது, கறுப்புக் குழந்தையை வலியே தெரியாத பிறவியாகச் சித்தரித்தது என்பது அவர் வாதம். 1852இல் வந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலையே எடுத்துக்கொள்ளலாம். அதில் வரும் வெள்ளைச் சிறுமி ஈவா, தேவதை. கறுப்புச் சிறுமி டாப்ஸி, அடிபட்டு அடிபட்டு மரத்துப்போனவள். மேடை நாடகங்களோ அந்த டாப்ஸியைக் கோமாளி ஆக்கிவிட்டன.

இந்தப் பிரிவினையைத் துணியிலேயே தைத்துக் காட்டியது, தென்மாநிலங்களில் புழங்கிய தலைகீழ்ப் பொம்மை. இடுப்பில் ஒட்டிய இரண்டு உடல்கள், இரண்டு தலைகள், கால்கள் கிடையாது. நேராகப் பிடித்தால் வெள்ளைப் பெண். புரட்டினால் பாவாடைக்குள்ளிருந்து கறுப்புப் பெண் வருவாள். இருவரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது.

பொம்மை செய்த கைகளுக்கும் கதை உண்டு. வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் ஜேகப்ஸ், எஜமானனின் பாலியல் தொல்லைக்குத் தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு பொந்தில் சுமார் ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம். உயரமான இடத்திலேயே 3 அடிதான். கீழே விளையாடும் தன் குழந்தைகளைத் துளை வழியாகப் பார்த்தார். கிறிஸ்துமஸ் வந்தபோது இருட்டில் உட்கார்ந்து அவர்களுக்கு உடுப்பும் விளையாட்டுச் சாமான்களும் தைத்தார். 1842இல் வடக்கே தப்பிப் போனவர், பிறகு நியூயார்க்கில் ஒரு வெள்ளைக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் குழந்தைகளுக்காக அவர் செய்த பொம்மைகள் 2022இல் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தின் கறுப்புப் பொம்மைக் கண்காட்சியில் இடம்பெற்றன.

விடுதலைக்குப் பிறகும் பொம்மைகள் பேசுவதை நிறுத்தவில்லை. 1940களில் உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதியர் கறுப்புக் குழந்தைகள் முன் நிறம் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை வைத்து எது 'நல்ல' பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் கைகாட்டியது வெள்ளைப் பொம்மையை. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது.

கலைஞர்கள் வேறு வழியில் போனார்கள். பெட்டி சார் 1972இல், குறிப்புத் தாள் வைக்கும் ஒரு பணிப்பெண் பொம்மையை எடுத்தார். அகன்ற சிரிப்பு, கையில் துடைப்பம். இன்னொரு கையில் துப்பாக்கியைக் கொடுத்தார். 'ஆன்ட் ஜெமைமாவின் விடுதலை' பிறந்தது. அந்தப் பெயரில் விற்றுவந்த பான்கேக் மாவு 2021இல்தான் பெயர் மாற்றிக்கொண்டது.

அடுத்த தலைமுறையின் காரா வாக்கரோ கேலிப் பொம்மைக்கு விடுதலை தரவில்லை. அதன் குரூரத்தை அப்படியே பெரிதாக்கினார். 1994இல் கறுப்புக் காகிதத்தை வெட்டி, கதைப் புத்தகம் போன்ற நிழலுருவங்களில் உள்நாட்டுப் போர்க் கால வன்முறையைக் காட்டினார். 27 வயதிலேயே, 1997இல், மெக்ஆர்தர் விருது கிடைத்தது. அதே ஆண்டில் எதிர்ப்பும் வந்தது. வாக்கரின் படங்கள் கறுப்பர்களை இழிவுபடுத்துகின்றன என்று கடிதப் பிரசாரம் தொடங்கியவர் வேறு யாருமல்ல, பெட்டி சார். பழைய அவமானத்தைத் திரும்ப வரைவது மருந்தா, விஷமா? அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

2014இல் புரூக்ளினின் பழைய டாமினோ சர்க்கரை ஆலையில் வாக்கர் ஒரு வெள்ளைச் சர்க்கரைப் பெண் உருவை எழுப்பினார். சுமார் 75 அடி நீளம். சுற்றிலும் கூடை சுமக்கும் வெல்லப்பாகு நிறச் சிறுவர்கள். மலிவு விலை அலங்காரப் பொம்மைகளைப் பெரிதாக்கிச் செய்தவர்கள். கோடை வெயிலில் சில சிறுவர்கள் உருகி உடைந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் நிஜச் சிறுவர்களுக்கு நடந்ததும் அதுதானே.

அதே ஆண்டு லூசியானாவில் விட்னி தோட்டம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள பழைய தேவாலயத்தில் உட்டுரோ நேஷ் செய்த ஆளுயரக் குழந்தைச் சிலைகள் நிற்கின்றன. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெற்றுக் குழிகள். முன்னாள் அடிமைகளை 1930களில் அரசுத் திட்டம் ஒன்று பேட்டி கண்டபோது, உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் விடுதலையின்போது குழந்தைகளாக இருந்தவர்கள். முதியவர்களின் நினைவுகளுக்கு நேஷ் குழந்தை உடல் கொடுத்தார்.

லூலாவின் பொம்மை மௌன சாட்சி. இந்தக் குழந்தைகள் மௌனமாக இல்லை. அவர்களின் வாக்குமூலம் பதிவாகியிருக்கிறது.