தடையும் பாலமும்: இணையத் தணிக்கையின் சமூகப் பொருளியல் அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

தணிக்கையின் வரலாறு எழுத்தின் வரலாற்றோடு ஒட்டியே வளர்ந்து வந்துள்ளது. ஆயினும் தணிக்கை யாரை நோக்கிப் பாய்கின்றது என்னும் வினாவுக்கு எல்லாக் காலங்களிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. அச்சு யுகத்திலே ஆட்சியாளரின் கண் பெரும்பாலும் எழுத்தாளன் மீதும், பத்திராதிபர் மீதும், அச்சகத்தின் மீதுமே பதிந்திருந்தது. இளம் மார்க்ஸ் ஆசிரியராக விளங்கிய ரைன்லாந்துப் பத்திரிகையை 1843இல் பிரஷ்ய அரசு நிறுத்தியது. 1900இன் இறுதியில் ஜேர்மனியில் அச்சேறத் தொடங்கிய லெனினின் ‘இஸ்க்ரா’ எல்லை கடந்து இரகசியமாகவே ருஷ்யாவிற்குள் கொண்டுசெல்லப்பட்டது. அக்காலத்தில் வாசகன் தண்டிக்கப்பட்டதே இல்லை என்று கூற முடியாது. ஆனால் தாள் கையில் இருக்கும்போது அகப்பட்டாலன்றி, அவன் எதனை வாசித்தான் என்பதை அறிவதற்கு ஆட்சியாளரிடம் எளிய வழி இருக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய பத்திரிகை அதனை வாங்கியவனின் பெயரைக் குறித்து வைப்பதில்லை.

கணினி வலையமைப்பின் காலத்தில் இந்நிலை தலைகீழாகிவிட்டது. ஒரு பக்கத்தைத் திறக்கும் செயலே ஒரு பதிவை விட்டுச் செல்கின்றது. எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தத் தளத்திற்கு வேண்டுகோள் சென்றது என்பதை இணைய இணைப்பை வழங்கும் நிறுவனம் காணமுடியும். அந்நிறுவனத்திடமிருந்து அரசு பெறமுடியும். அதே இடத்தில் வைத்து அரசு வாசலை அடைத்துவிடவும் முடியும். எழுத்தை மட்டுமன்றி வாசிப்பு என்னும் செயலையே தணிக்கை செய்யும் வாய்ப்பு வரலாற்றில் முதன்முறையாக இத்துணை விரிவாகக் கைகூடியுள்ளது. அச்சு யுகத்து வாசகனிடம் இயல்பாகவே இருந்த பெயரறியா நிலையை வலையமைப்பிலே மீட்டெடுக்க எழுந்த கருவிகளுள் தலையாயது ‘டோர்’ ஆகும். அதனைத் தடைசெய்ய அரசுகள் மேற்கொண்ட முயற்சிகளையும், அத்தடைகளைத் தாண்ட வகுக்கப்பட்ட வழிகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இப்போராட்டம் தொழினுட்ப வல்லுநரின் மதிநுட்பத்தை மட்டும் பொறுத்தது என்ற கருத்துப் பரவலாக உண்டு. தடை செய்வோன் அதற்காகக் கொடுக்கவேண்டிய விலையே அதன் போக்கை இறுதியில் நிர்ணயிக்கின்றது என்பதே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்தாகும்.

1. அமைப்பும் பிறப்பும்

இலங்கை வாசகருக்குத் தடை தாண்டல் புதியதன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் நிகழ்ந்தபோதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரலில் ஊரடங்கு வேளையிலும் சமூக ஊடகங்கள் இங்கு முடக்கப்பட்டன. அவ்வேளைகளிலெல்லாம் பலர் வி.பி.என். எனப்படும் செயலிகளை நாடினர். இச்செயலி எமது வேண்டுகோளைத் தனது கணினியொன்றின் ஊடாக அனுப்பித் தருகின்றது. தடை நீங்குவது உண்மையே. ஆனால் நாம் யார் என்பதையும் எங்கே செல்கின்றோம் என்பதையும் அச்செயலியை நடத்தும் கம்பனி ஒருங்கே அறிந்துகொள்கின்றது. ஒரு கண்காணிப்பாளருக்குப் பதிலாக இன்னொருவரை அமர்த்திக்கொள்கின்றோமேயன்றிக் கண்காணிப்பிலிருந்து விடுபடுகின்றோமல்லோம்.

டோர் வேறொரு கொள்கையை அடிப்படையாகக் கொண்டது. பயனாளரின் வேண்டுகோள் மூன்று இடைநிலைக் கணினிகளின் வழியே செல்கின்றது. அது மூன்று மறைகுறி உறைகளால் மூடப்பட்டிருக்கும். ஒவ்வோர் இடைநிலையும் தனக்குரிய உறையொன்றை மட்டுமே அகற்ற வல்லது. வெங்காயத்தின் தோல் ஒவ்வொன்றாக உரிவதை இது ஒத்திருத்தலின் ‘வெங்காய வழியமைப்பு’ என்னும் பெயர் ஏற்பட்டது. முதலாம் இடைநிலை அனுப்புபவரின் முகவரியை அறியும். அவர் செல்லுமிடத்தை அறியாது. மூன்றாம் இடைநிலை செல்லுமிடத்தை அறியும், அனுப்புபவரை அறியாது. அறிவு பகுக்கப்பட்டிருப்பதே இங்கு காப்பாகும். இக்காப்புக்கும் எல்லை உண்டு. டோரின் வழியே சென்று தனது சொந்தப் பெயரிற் கணக்கொன்றைத் திறப்பவரை எந்த உறையும் மறைக்கமாட்டாது.

இக்கருவியின் பிறப்பிடம் எமது கவனத்திற்குரியது. 1990களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்திலேயே இக்கொள்கை உருவாயிற்று. 2002இல் வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. அதன் மென்பொருள் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. 2006இல் அதனைப் பேண இலாபநோக்கற்ற நிறுவனமொன்று அமைக்கப்பட்டது. கடற்படை தன் இரகசியக் கருவியைப் பொதுமக்களுக்கு ஏன் திறந்துவிட்டது? கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பாயின், அதிலிருந்து வெளிவரும் ஒவ்வொருவரும் கடற்படையினரே என்பது வெளிப்படையாகிவிடும். கூட்டத்தினுள்ளேதான் ஒருவர் மறையமுடியும். ஆகவே அவர்களுக்குக் கூட்டம் தேவைப்பட்டது. பெயரறியா நிலை தனிமனிதனின் உடைமை அன்று, அது ஒரு கூட்டுப்பண்பு என்னும் உண்மையைப் போர்த்துறையே ஏற்கவேண்டியதாயிற்று.

2. பட்டியலும் பாலமும்

இடைநிலைக் கணினிகள் எவை என்று தெரிந்தாலன்றிப் பயனாளர் அவற்றை அணுக முடியாது. எனவே அவற்றின் பட்டியல் பகிரங்கமாக வெளியிடப்படுகின்றது. பயனாளர் பெறும் அதே பட்டியலைத் தணிக்கையாளரும் பெறலாம். பெற்று, அதிலுள்ள முகவரிகள் யாவற்றையும் அடைக்கலாம். மக்கள் சீனக் குடியரசின் அறுபதாம் ஆண்டு விழாவுக்குச் சற்று முன்னதாக, 2009 செப்டெம்பரில், சீனாவில் நிகழ்ந்தது இதுவே.

இதற்கு மாற்றாக வகுக்கப்பட்டவையே ‘பாலங்கள்’. பட்டியலிற் சேர்க்கப்படாத இடைநிலைக் கணினியே பாலம் எனப்படும். ஒருவருக்கு ஒருசில பாலங்களின் முகவரிகளே வழங்கப்படும். வலைத்தளம் ஒன்றின் மூலமும் மின்னஞ்சல் மூலமும் அவை வழங்கப்பட்டன. ஆனால் வாசகனுக்கு வழங்கப்படுவதை வாசகனைப்போல வேடமிட்டு வரும் அரச அலுவலரும் பெறமுடியும். 2009இலேயே வலைத்தளத்தின் வழி வழங்கப்பட்ட பாலங்களுட் பெரும்பாலானவையும், 2010 மார்ச் அளவில் மின்னஞ்சலில் வழங்கப்பட்டவையும் சீனத் தடைக்குள் அகப்பட்டன. அரசிடம் ஊதியம் பெறும் ஆளணி உண்டு, நேரமும் உண்டு. இரகசியத்தைப் பங்கிடுவதில் உள்ள இச்சிக்கல் இன்றுவரை முற்றாகத் தீர்ந்ததில்லை.

3. முகவரியிலிருந்து சாயலுக்கு

முகவரியை அறியாவிடினும் உரையாடலின் சாயலைக் கொண்டு டோரை இனங்காணலாம் என்பதை அரசுகள் விரைவிற் கண்டுகொண்டன. டோர் தன் போக்குவரத்தை வங்கிகளும் கடைகளும் பயன்படுத்தும் பாதுகாப்பான வலைத்தொடர்பைப் போலவே தோற்றுவிக்க முயன்றது. ஆனால் போலிக்கும் அசலுக்கும் இடையே நுண்ணிய வேறுபாடுகள் இருந்தன. ஈரானில் நிகழ்ந்தது இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சாதாரண வலைத்தளமொன்றின் சான்றிதழ் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ செல்லுபடியாகும். டோர் பயன்படுத்திய சான்றிதழ் இரண்டு மணித்தியாலம் மட்டுமே செல்லுபடியாகும்படி அமைந்திருந்தது. 2011 செப்டெம்பரில் ஈரானியத் தணிக்கையாளர் இந்த ஒன்றையே அடையாளமாகக் கொண்டு தடை செய்தனர். டோர் நிறுவனத்தினர் அன்றைய தினமே சான்றிதழின் காலத்தை நீட்டி அத்தடையைக் கடந்தனர்.

சீன அரசு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஐயத்திற்குரிய தொடர்பொன்றைக் கண்டதும் தணிக்கைப் பொறியே பயனாளரைப்போல அம்முகவரியைத் தொடர்புகொண்டு டோரின் மொழியிற் பேசிப்பார்க்கும். மறுமொழி கிடைப்பின் அது பாலமே என்பது உறுதியாகும். உடனே அது அடைக்கப்படும். 2011இன் இறுதியிலிருந்து இம்முறை கையாளப்பட்டமையை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். இதற்கு விடையாக 2014 அளவில் வந்ததே ‘ஒப்ஸ்4’ என்னும் உருமறைப்பு முறையாகும். இதில் பாலத்தின் முகவரியோடு ஓர் இரகசியக் குறியும் பயனாளருக்குத் தரப்படும். அக்குறியை அறியாமற் கதவைத் தட்டுபவனுக்குப் பாலம் வாய்திறவாது. உரையாடலும் எந்த ஒழுங்கும் புலப்படாத எண்கூட்டமாகவே வெளியே தோன்றும்.

4. தடையின் விலை

இதுவரை நோக்கியவற்றை முடிவில்லாத சதுரங்க ஆட்டமாகக் கொள்வோர் உளர். அவ்வாறு கொள்ளின் முக்கியமானதொரு வினா விடுபட்டுப்போகும். அரசிடம் வலையமைப்பு முழுவதையும் நிறுத்தும் அதிகாரம் உண்டு. அவ்வாறிருக்க அது ஏன் சாயல்களை ஆராய்ந்துகொண்டிருக்கின்றது?

எகிப்தில் 2011 ஜனவரி இறுதியில் முபாரக் அரசு இணையத்தை ஏறத்தாழ முற்றாகத் துண்டித்தது. ஐந்து நாள்களில் ஏற்பட்ட நேரடி இழப்பு 9 கோடி அமெரிக்க டொலர் அளவினது என்று பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு மதிப்பிட்டது. மூலதனத்தின் சுற்றோட்டம் இன்று இதே கம்பிகளின் வழியாகவே நிகழ்கின்றது. ஆளும் வர்க்கத்திற்கு வலையமைப்பு தேவை. அதே வலையமைப்பை அது அஞ்சவும் வேண்டியுள்ளது. இம்முரண்பாட்டின் இடைவெளியிலேயே பாலங்கள் நிலைபெறுகின்றன.

சீனத் தணிக்கையே இதனைச் சான்றுபடுத்துகின்றது. 2021 நவம்பரில், ஒழுங்கு புலப்படாத எண்கூட்டமாகத் தோன்றும் தொடர்புகளை அது கண்டவிடத்து அடைக்கத் தொடங்கியது. ஆனால் எல்லாத் தொடர்புகளையும் அடைக்கவில்லை. வெளிநாட்டுத் தரவு நிலையங்கள் சிலவற்றின் முகவரிகளை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றிலும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குத் தொடர்புகளையே இவ்விதிக்கு உட்படுத்தியது என 2023இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குற்றமற்ற வணிகத் தொடர்புகளும் சேர்ந்து அறுபடும் என்ற அச்சமே அக்கட்டுப்பாட்டுக்குக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்வச்சத்தையே கேடயமாகக் கொண்டது 2014இல் வந்த ‘மீக்’ என்னும் முறை. இதிலே பயனாளரின் தொடர்பு வெளிப்பார்வைக்குக் கூகுள், அமேசன் போன்ற பெருநிறுவனமொன்றை நோக்கிச் செல்வதாகத் தோன்றும். உறையின் உள்ளேதான் உண்மையான முகவரி இருக்கும். இதனை அடைக்க விரும்பும் அரசு அப்பெருநிறுவனத்தின் சேவையையே அடைத்தாக வேண்டும். கேடயம் வலிமையானதே. ஆனால் அது பிறருக்குச் சொந்தமானது. 2018 ஏப்ரலில் ருஷ்யா ரெலிகிராமைத் தடைசெய்ய முனைந்து கூகுளுக்கும் அமேசனுக்கும் உரிய பல இலட்சக்கணக்கான முகவரிகளை அடைத்தது. தொடர்பற்ற பல சேவைகளும் அதனாற் பாதிக்கப்பட்டன. அதே மாதத்தில் அவ்விரு நிறுவனங்களும் தத்தம் சேவைகளில் இம்மறைப்பு முறைக்கு இடமில்லை என்று அறிவித்தன. ஏகபோக மூலதனத்தின் நிழலில் ஒதுங்கியவரின் விடுதலை, அந்நிழலை விலக்கிக்கொள்ளும் உரிமையை அதனிடமே விட்டுவைக்கின்றது. மீக்கின் வரலாறு எமக்கு உணர்த்துவது இதுவே.

5. பனித்துகள்

வேறொரு திசையிற் சென்ற முயற்சியே ‘ஸ்னோஃபிளேக்’, அதாவது பனித்துகள். 2021 ஜூலையில் இது டோர் உலாவியின் நிலையான பதிப்பில் இணைக்கப்பட்டது. தடையற்ற நாடுகளில் வாழும் சாதாரண மக்கள் தமது உலாவியிற் சிறிய துணைச்செயலியொன்றை இணைத்துக்கொள்கின்றனர். அவர்களது கணினி இயங்கும் வேளையில் அது தற்காலிகமானதொரு படிக்கல்லாகின்றது, அணைக்கப்பட்டதும் மறைந்துவிடுகின்றது. ஒன்று உருகிப்போக இன்னொன்று விழுகின்றது. தொடர்பு காணொளி உரையாடலுக்குரிய தொழினுட்பத்தின் வழியே செல்வதால் அதனை முற்றாக அடைக்க முனையும் அரசு காணொளி உரையாடல்களையும் இழக்கவேண்டியிருக்கும். உதவுபவர் மறைகுறியிட்ட எண்களைப் பாலத்திற்குக் கடத்துவதோடு சரி. வாசகன் செல்லும் தளத்திற்கு அவரது முகவரி தெரியவராது.

2021 டிசெம்பரில் ருஷ்யா டோரை அடைக்கத் தொடங்கியது. அப்பொழுது அங்கு நாள்தோறும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தி வந்தனர். பனித்துகளின் கைகுலுக்கலிற் காணப்பட்ட ஒரு சிறு வேறுபாட்டைக் கொண்டு அதுவும் இனங்காணப்பட்டது, அது திருத்தப்பட்டது. 2022 செப்டெம்பரில் மாஷா அமீனியின் மரணத்தைத் தொடர்ந்து ஈரானியப் பெண்கள் வீதிக்கிறங்கியபோது பனித்துகளின் பயன்பாடு ஈரானிற் பன்மடங்கு பெருகியது. பயனாளரும் உதவுபவரும் முதலில் ஒருவரையொருவர் கண்டடைவதற்கு இம்முறையும் பெருநிறுவனங்களின் சேவையில் ஓரளவு தங்கியிருப்பது மறைக்கத்தக்கதன்று. ஆயினும் இங்கு கேடயமாக அமைவது பெயர் அறியாத மனிதர் பலரின் கூட்டுச் செயற்பாடு என்பதே இதன் சிறப்பாகும்.

6. முடிவாக

இவ்விடத்தில் இரு ஆட்சேபங்கள் எழலாம். அமெரிக்கக் கடற்படையிற் பிறந்து, அந்நாட்டு அரசின் நிதியைக் கணிசமாகப் பெற்று வளர்ந்த ஒரு கருவியை முற்போக்காளர் ஆதரிக்கலாமா என்பது ஒன்று. அதே அரசின் உளவு நிறுவனம் டோரைப் பயன்படுத்துவோரை இனங்காண முயன்று வந்தமை 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களால் வெளிப்பட்டது. ஒரே அரசு ஒரு கையால் வளர்த்ததை மறு கையால் உடைக்க முயன்றது. கருவியொன்றின் பிறப்பிடம் அதன் பயனை முற்றாக நிர்ணயிப்பதில்லை. அச்சுப்பொறியும் அதனை உடைமையாகக் கொண்ட வர்க்கத்திற்கு மட்டும் பணிபுரிந்துவிடவில்லை.

மற்றைய ஆட்சேபம் எம்மை நோக்கியே எழுவது. இங்கு கூறப்பட்ட தடைகளுள் மிக நுட்பமானவற்றை வகுத்தது கம்யூனிஸ்டுக் கட்சி ஆளும் ஒரு நாடு. ஏகாதிபத்தியப் பிரசாரத்திற்கு எதிரான தற்காப்பு எனக் கூறி இதனை மழுப்புவோர் எம்மிடையே உளர். நாம் அதற்கு உடன்படோம். பிரஷ்யத் தணிக்கையை எதிர்த்து எழுதிய மார்க்ஸைப் போற்றிக்கொண்டு, உழைக்கும் மக்கள் எதனை வாசிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை ஓர் அலுவலகத்திடம் ஒப்படைக்க முடியாது. தன் மக்களின் வாசிப்பை அஞ்சும் அரசு, அது தனக்குச் சூட்டிக்கொண்டிருக்கும் பெயர் எதுவாயினும், அம்மக்களிடமிருந்து அந்நியப்பட்ட அரசே.

எமக்கும் இதிலே பங்குண்டு. இங்கு தடை வரும் நாளில் மட்டும் வழி தேடுவதும், அது நீங்கியதும் மறந்துவிடுவதுமே எமது வழக்கமாக இருந்துவந்துள்ளது. கூட்டம் இன்றேல் மறைவும் இல்லை என்று மேலே கண்டோம். தடையற்ற நாள்களில் ஒருவர் தமது கணினியில் இயக்கும் பனித்துகள், தாம் ஒருபோதும் அறியப்போகாத ஒரு வாசகனுக்குப் படிக்கல்லாகின்றது. அவ்வாசகன் எதனை வாசிக்கின்றான் என்பதை அவரும் அறியார். பத்திரிகைக் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சென்ற அன்றைய வாசகனின் நிலை அவ்வாறே மீண்டும் கைகூடுகின்றது.